பழம் சாப்பிட்டதும் வருவேன்

செப்டம்பர் 4, வியாழன்

போனில் இந்த இடத்தை அழுத்திவிட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று ஜெசிந்தா காட்டிக்கொடுத்தாள். "பகல் பூரா பேச்சுத் துணை இல்லன்னு சொல்றியள்ல. இதுகிட்டப் பேசுங்கப்பா, டைரி மாதிரி இருக்கும்" என்றாள். வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசினால் போன் தடுமாறுகிறது. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்திப் பேசினால் ஏற்றுக்கொள்கிறது. எனக்கு அது கஷ்டமில்லை. கோவில்பட்டியில் முப்பது வருஷம் தியேட்டர் கேட்டில் நின்று டிக்கெட் கிழித்தவன் நான். கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட வசனமெல்லாம் இன்னும் காதில் இருக்கிறது. போன் எழுதுவதை நான் படிக்க முடியாது. எழுத்து எனக்கு வராது. சொன்னது நினைவிருக்கும், அது போதும்.

ஜெசிந்தா என் ஒரே மகள். இங்கிலாந்தில் இந்த டெர்பி ஊரில் நர்ஸ் வேலை. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. லீவு முடிந்து போன மாதம் கப்பல் ஏறிவிட்டார், இனி அடுத்த வருஷம்தான். பேத்தி லியோனாவுக்கு மூன்று வயது. அவளை நர்சரியில் பழக்கிவிடத்தான் நான் ஆறு மாத விசாவில் வந்திருக்கிறேன். டிசம்பரில் திரும்பிவிட வேண்டும். இப்போது காலையில் மட்டும் நர்சரி. நான் போன பிறகு சாயங்காலம் வரைக்கும்.

இன்று நர்சரியிலிருந்து இரண்டு டீச்சர்கள் வீட்டுக்கே வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து லியோனாவோடு கட்டை அடுக்கினார்கள். என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவாள், எப்படித் தூங்குவாள் என்று கேட்டுக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு கேட்டதில்லை.

அவர்கள் போன பிறகு ஜெசிந்தா சொன்னாள்: "கிறிஸ்துமஸுக்குள்ள இவ ஒட்டலைன்னா, நீங்க போகும்போது கூட்டிட்டுப் போயிருங்கப்பா. பிள்ளைய அழ அழ விட்டுட்டு என்னால வார்டுல ஊசி போட முடியாது."

"அதெல்லாம் ஒட்டிக்கிருவா" என்றேன்.

படுக்கும்போது, கோவில்பட்டி வீட்டு ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பக்கம் தலையணை வைத்து அணை கொடுத்தால் குழந்தை விழாது என்று நினைத்துக்கொண்டேன். சும்மா நினைத்ததுதான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

முதல் நாள். பெரியவர்களும் கூட இருக்கலாம் என்றார்கள். எனக்கும் ஒரு குட்டி நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடுகிறது.

வாசலில் கோட்டு மாட்ட வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கிக்கும் மேலே ஒரு படம். குடை, வாத்து, சைக்கிள், காளான். லியோனாவுக்கு நத்தை. தட்டிலும் நத்தை, தண்ணீர்ப் பாட்டில் வைக்கும் இடத்திலும் நத்தை. பிள்ளைகளுக்கு இன்னும் எழுத்துத் தெரியாதல்லவா, அதனால் படம். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து பஸ்ஸிலும் கடையிலும் யாரையாவது பார்த்து முழிப்பதே என் வேலையாக இருந்தது. இங்கே மட்டும் யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் நானே கண்டுபிடித்தேன்.

அவளுக்கென்று ஒரு டீச்சரை ஒதுக்கியிருக்கிறார்கள். பெயர் கெர்ரி. நீல முடி. முதலில் எனக்கே பயமாக இருந்தது. லியோனா அந்த முடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் மடிக்கு ஓடி வந்துவிட்டாள்.

சாப்பாட்டு வேளைக்கு உதவும் அம்மாள் தமிழ்! யாழ்ப்பாணத்துக்காரர், தவமலர் என்று பெயர். "ஐயா, உங்கட பேத்தியோ? வடிவான பிள்ளை. தமிழ் மட்டும்தான் கதைப்பாவோ?" என்றார். இந்த ஊரில் வீட்டுக்கு வெளியே முதல்முதலாக ஒரு ஆள் என்னோடு பேசியது இன்றுதான். 

"ஒண்ணுக்கு வந்தா, 'ஒண்ணுக்கு'ன்னு சொல்லுவா" என்றேன்.

"ரெண்டுக்கு வந்தா 'ரெண்டுக்கு' எண்டு சொல்லுவாவாக்கும்" என்று அவர் சிரித்தார்.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று கெர்ரி வந்து கையால் ஜாடை காட்டிச் சொன்னாள்: பிள்ளைக்கு டாட்டா சொல்லிவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் கழித்து வாருங்கள். தவமலரும் வந்து தமிழில் சொன்னார்.

அழப்போகிற பிள்ளையிடம் போய் 'நான் போகிறேன்' என்று யாராவது சொல்வார்களா? நம் பக்கத்தில் எந்த வீட்டில் அப்படிச் செய்கிறார்கள்? காக்காயைக் காட்டி, பிள்ளை அதைப் பார்க்கிற நேரத்தில் நழுவிவிடுவோம். ஜெசிந்தாவை அப்படித்தான் வளர்த்தோம். லியோனா தண்ணீர்த் தொட்டியில் கோப்பையை முக்கிக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம். நான் செருப்புச் சத்தம் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.

வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. உட்காரக்கூட இல்லை, உள்ளே அலறல் கேட்டது. ஓடினேன். மேஜைக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் தேடியிருக்கிறாள். சட்டைக்கை நனைந்து சொட்டுகிறது. என் கழுத்தைக் கட்டியவள் வீடு வரைக்கும் விடவில்லை.

கெர்ரி ஏதோ சொன்னாள். முகம் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

நான் பாத்ரூம் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இருக்கேன் இருக்கேன் என்று குரல் கொடுத்தால்தான் குளிக்க முடிகிறது.

செப்டம்பர் 17, புதன்

தவமலர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுத் திட்டினார். கோபத்தில்கூட மரியாதை குறையவில்லை அந்த அம்மாளுக்கு.

"ஐயா, ஒளிச்சுப் போகாதேங்கோ. பிள்ளை திரும்பிப் பாக்கேக்க ஆள் இல்லையெண்டால் பிறகு அது எதிலயும் மனம் வைச்சு விளையாடாது. உங்களையே பாத்துக்கொண்டு நிக்கும். சொல்லிப்போட்டுப் போங்கோ. அழட்டும். எப்ப வருவியள் எண்டும் சொல்லுங்கோ."

"மணி சொன்னா அவளுக்கு என்ன தெரியும்?"

"மணியை ஏன் சொல்லுறியள்? பழம் சாப்பிட்டதும் வருவன் எண்டு சொல்லுங்கோ. பதினொரு மணிக்குப் பழமும் பாலும் குடுப்பம். சொன்னமாதிரி வந்து நில்லுங்கோ. இரண்டு வாரத்தில பழகிப்போடும்."

சரி என்றேன்.

இன்றைக்கும் சொல்லவில்லை. நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாள், ஏன் கெடுப்பானேன் என்று வந்துவிட்டேன். பிறகு அழுதாளாம்.

செப்டம்பர் 26, வெள்ளி

மூன்று நாளாக நர்சரி இல்லை. லியோனாவுக்குச் சளியும் காய்ச்சலும். அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் மூக்கு ஒழுகுகிறது. மழையில் ரப்பர் பூட்ஸைப் போட்டுச் சேற்றில் குதிக்க விடுகிறார்கள். கேட்டால், மழையில் விளையாடினால் ஒன்றும் ஆகாது என்கிறார்கள்.

"முத வருஷம் இப்பிடித்தான்ப்பா மாறி மாறி வரும், பழகிரும்" என்றாள் ஜெசிந்தா, டியூட்டிக்கு ஓடிக்கொண்டே.

ரசம் வைத்துக் குழைய விட்ட சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். என் மேலேயே படுத்துத் தூங்கினாள். நெஞ்சில் அவள் மூச்சு சுட்டது. மழை ஜன்னலில் அடித்துக்கொண்டே இருந்தது. நல்ல நாட்கள்.

அக்டோபர் 6, திங்கள்

நர்சரி வேலிக்கு வெளியே ஒரு நடைபாதை இருக்கிறது. வீட்டுக்கு அது சுற்றுவழிதான். ஆனாலும் நடந்தால் உடம்புக்கு நல்லது. பிள்ளைகளை வெளியே விளையாட விடும் நேரத்தில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். லியோனா மணல் பக்கம் இருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு வேலிக்கு ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வேறென்ன செய்ய?

அக்டோபர் 9, வியாழன்

இன்றும் அந்தப் பக்கம் நடந்தேன். இன்றும் அழுதாள்.

தவமலர் வேலியருகே வந்தார். "நீங்கள் இஞ்ச நிக்கிறதைக் கண்ட பிறகுதான் அழுறா. அதுவரைக்கும் சந்தோஷமா நிண்டவ. உங்கட ஊர்ப் படத்தில வாற அப்பா மாதிரி கம்பியப் பிடிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ, ஐயா."

"நான் நடக்கத்தான் வந்தேன்" என்றேன்.

"நடக்கிறதெண்டால் ஏன் நிக்கிறியள்?"

இந்த அம்மாளுக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான்.

அக்டோபர் 13, திங்கள்

ஜெசிந்தா ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டாள். "இன்னைக்கு எப்படிப்பா?"

"அழுதா."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். "நர்சரியில போட்டோ அனுப்புறாவ. அதுல சிரிக்காளேப்பா."

"போட்டோ எடுக்கையில சிரின்னுதான சொல்லுவாவ" என்றேன்.

பிறகு அவள் அடுப்படியில் நின்று பாத்திரம் கழுவினாள். குழாயை வேண்டுமென்றே பெரிதாகத் திறந்து வைத்திருந்தாள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

கோவில்பட்டி வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு அருளப்பனிடம் இருக்கிறது. போன் போட்டு, ஜன்னலோரக் கட்டிலை வெயிலில் போட்டு எடுக்கச் சொன்னேன். "யார் வாரா?" என்றான். "யாரும் வரலாம்" என்றேன்.

அக்டோபர் 20, திங்கள்

கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். கதவில் கண்ணாடி. உள்ளே பிள்ளைகள் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் கோட்டுப் போட வேண்டுமென்றால் லியோனா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பாள், சிலுவையில் அறைந்த மாதிரி. நான்தான் ஒவ்வொரு கையாக நுழைத்துவிட வேண்டும். இன்று அவளே கொக்கியிலிருந்து கோட்டை எடுத்தாள். தரையில் விரித்தாள், கழுத்துப் பக்கம் தன் காலடியில் வருகிற மாதிரி. குனிந்து இரண்டு கையையும் சட்டைக்கைக்குள் விட்டாள். அப்படியே தலைக்கு மேலே ஒரு தூக்குத் தூக்கி முதுகில் போட்டாள். கோட்டு சரியாக உட்கார்ந்துவிட்டது. பக்கத்துக் கொக்கியில் குடைப் படம் உள்ள பையனுக்கு அப்படிப் போட வரவில்லை. அவனைப் பார்த்து 'இப்படி, இப்படி' என்று கையைக் காட்டினாள். அவளுக்கு அழுகையும் இல்லை, தேடலும் இல்லை.

நான் வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. மெதுவாகப் பின்னால் நகர்ந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ராத்திரி ஜெசிந்தா கேட்டாள். அழுதாள் என்றேன்.

அக்டோபர் 27, திங்கள்

நேற்றிலிருந்து ஊர் முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிட்டார்கள். நாலரைக்கே இருட்டத் தொடங்கிவிடுகிறது. தெருவில் ஒரு மனிதமுகம் தெரியவில்லை.

இந்த வாரம் நர்சரிக்கு லீவு. லியோனா வீட்டில் பள்ளிக்கூடம் நடத்துகிறாள். அவள் கெர்ரி, நான் பிள்ளை. சம்மணம் போட்டு உட்கார வேண்டும். பேச வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறாள், வராத பிள்ளைகள் எல்லோருக்கும் நானே குரல் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு பாட்டு பாடினாள், கையால் மழை பெய்ய வைத்துக்கொண்டு. ஒரு வார்த்தை விடாமல் பாடினாள்.

"தாத்தா, நீ ஏன் பாடல?"

"எனக்குத் தெரியாதே."

"அழாத. நாளைக்கு வந்துரும்" என்று என் தலையைத் தடவினாள். நான் அழவில்லை. கண்ணில் எரிச்சல், ஹீட்டர் சூடு.

ஜெசிந்தா வந்ததும் பாட்டைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். களைத்துப்போய் வந்தாள். சொல்லவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

ஒரு கூத்து நடந்தது.

லியோனாவுக்குப் பவுடர் போட்டு, தலை சீவி, நல்ல கவுன் மாட்டி அழைத்துப் போனேன். உள்ளே போனால் எல்லாப் பிள்ளைகளும் ராத்திரி போட்டுப் படுக்கிற சட்டையில் நிற்கிறார்கள். கசங்கிப்போன சட்டை, கையில் பொம்மை. பாவம், இந்த ஏழைப் பிள்ளைகளின் அம்மாமார் குளிப்பாட்டக்கூட நேரமில்லாமல் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். திரும்பினால் கெர்ரியும் படுக்கிற சட்டையில் நிற்கிறாள், முயல் காது வைத்த செருப்போடு.

தவமலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏதோ தருமக் காரியத்துக்காக இன்று எல்லோரும் படுக்கிற உடுப்பில் வர வேண்டுமாம். வாசலில் இரண்டு வாரமாக நோட்டீஸ் ஒட்டியிருந்ததாம். "நீங்கள் வாசிக்கேல்லையோ ஐயா?"

"கண்ணாடி கொண்டு வரல" என்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை.

லியோனாவுக்கு முகம் தொங்கிவிட்டது. கவுனின் நுனியை இழுத்து இழுத்து மறைத்துக்கொண்டாள். அதைப் பார்க்க முடியவில்லை. என் பாட்டுக்கு வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய், யானை போட்ட அவளுடைய படுக்கைச் சட்டையை எடுத்துக்கொண்டு, மழையில் நனைந்து திரும்பினேன். குடை எடுக்கத் தோன்றவில்லை.

வந்து பார்த்தால், கதவை ஒட்டி நின்றுகொண்டிருக்கிறாள். நான் கழற்றி வைத்த கம்பளித் தொப்பி கையில். எல்லாப் பிள்ளைகளும் உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

"நீங்கள் போன நேரம் தொட்டு இந்த இடத்தை விட்டு அசையேல்லை. நான் தூக்கியும் வரேல்லை. தொப்பியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. அழவுமில்லை" என்றார் தவமலர்.

லியோனா என் சட்டை ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "சொல்லாமப் போயிட்ட" என்றாள்.

சட்டை மாற்றியதும் ஆடப் போய்விட்டாள். நான் பெஞ்சுக்கு வந்தேன். ஈரத்தில் பல் கிட்டித்தது.

கையில் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரி லூர்தம்மாள், "தொண்டை காயுது, ஒரு டீ வாங்கிட்டு வாங்க" என்று என்னை அனுப்பினாள். அவளுக்கு டீயே ஆகாது, சாகிற வரைக்கும் காப்பிதான். அது எனக்குப் படி இறங்கும்போதுகூட உறைக்கவில்லை. தூக்குவாளியோடு திரும்பி வந்தபோது திரை போட்டிருந்தார்கள். தூக்குவாளியைக் கீழே வைக்க எனக்குத் தோன்றவேயில்லை. ஒரு நர்ஸ்தான் கையை விரித்து வாங்கினாள். டீ உள்ளே ஆறிப்போய்விட்டிருந்தது.

நான் பார்க்கக் கூடாது என்றுதான் அனுப்பியிருக்கிறாள், நல்ல மனசோடுதான். அதன் பிறகு ரொம்ப நாள் வீட்டில் எந்தக் கதவு சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போதும். துண்டு எடுத்துத் தலை துவட்ட வேண்டும்.

நவம்பர் 17, திங்கள்

நத்தைக் கொக்கியில் கோட்டை அவளே மாட்டினாள். நான் குத்தவைத்து உட்கார்ந்து முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"தாத்தா வீட்டுக்குப் போயிட்டு வாரேன். பழம் சாப்பிட்டதும் வருவேன்."

உதடு பிதுங்கியது. என் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழுதாள். கெர்ரி வந்து தூக்கிக்கொண்டாள். நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு எழுந்து வந்தேன். வேலிப் பக்கம் போகவில்லை, நேர்வழியில் வீட்டுக்குப் போனேன். வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. கீரையை ஆய்ந்தேன், அதையே திரும்பவும் ஆய்ந்தேன்.

பழ நேரத்துக்குக் கதவில் நின்றேன். வாயோரம் ஆரஞ்சுச் சாறு. ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். பக்கத்துக் குடைப் பையனிடம் என்னைக் காட்டி, "தாத்தா" என்றாள். நான் சொன்னேன் பார்த்தாயா என்கிற மாதிரி இருந்தது குரல்.

நவம்பர் 19, புதன்

குளிக்கும்போது வெளியே சத்தமே இல்லை. பயந்து கதவைத் திறந்து பார்த்தேன். கூடத்தில் உட்கார்ந்து பொம்மைக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 24, திங்கள்

ஜெசிந்தா தட்டு வைத்தாள். வழக்கம்போலக் கேட்டாள். "இன்னைக்கு அழுதாளாப்பா?"

"இல்ல" என்றேன். பிறகு, "போன வாரமும் ரெண்டு நாளைக்கப்புறம் அழல. அதுக்கு முந்தியும் அவ்வளவா அழல" என்றேன்.

"தெரியும்ப்பா."

"எப்படி?"

"அக்டோபர்லயே கெர்ரி போன் பண்ணிட்டா. நல்லா இருக்கா, அந்த வேலி விஷயம்தான்னு சொன்னா."

"பின்ன தினமும் ஏம்மா எங்கிட்டக் கேட்ட?"

 என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினாள். "அருளப்பன் மாமா போன்ல கட்டிலப் பத்திக் கேட்டாவ" என்றாள். நான் குனிந்து சாப்பிட்டேன்.  படுக்கப் போகும்முன் என் கால்மாட்டில் கம்பளியை இழுத்துச் செருகிவிட்டுப் போனாள், வார்டில் செய்கிற மாதிரி.

நவம்பர் 28, வெள்ளி

அருளப்பனிடம் கட்டிலை உள்ளே எடுத்துப் போடச் சொல்லிவிட்டேன். யாரும் வரவில்லை என்றேன்.

டிசம்பர் 5, வெள்ளி

பெட்டி கட்டியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் விமானம். காலையில் லியோனாவை விட்டுவிட்டு அப்படியே கிளம்ப வேண்டும். ஜெசிந்தாவின் சிநேகிதி புருஷன் காரில் கொண்டுபோய் விடுகிறார்.

ஜெசிந்தா சொன்னாள்: "அவகிட்ட ஒண்ணும் சொல்லாதியப்பா. எப்பவும் போல விட்டுட்டுப் போயிருங்க. ரெண்டு நாள் தேடுவா, மறந்துருவா. சொன்னா ஏங்கிப் போயிருவா. அவ அழுதா என்னால தாங்க முடியாது."

"சொல்லிட்டுத்தாம்மா போகணும்."

"இவ்வளவு நாள் ஒளிஞ்சு ஒளிஞ்சு போனது யாரு?"

அது சரிதான். 

"நான் சொல்லாமப் போனா, நாளைக்கு நீ டியூட்டிக்குப் போகையில உன் கோட்டப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. நீயும் அப்படித்தான் போயிருவேன்னு நினைப்பா" என்றேன்.

"எப்ப வருவன்னு கேட்டா?"

 பாஸ்போர்ட், டிக்கெட், விசா, என் சர்க்கரை, என் வயசு. இதில் எதைப் பழத்துக்கு முன்னால் வைப்பது, எதைப் பழத்துக்குப் பின்னால் வைப்பது?

டிசம்பர் 8, திங்கள்

தவமலரிடம் சொல்லிக்கொண்டேன். ஒரு டப்பாவில் பருத்தித்துறை வடை கொடுத்தார், நம் தட்டை மாதிரி இருக்கிறது. "பிளேனில சாப்பிடுங்கோ. கவனமாப் போயிட்டு வாங்கோ ஐயா" என்றார். தியேட்டர் கேட்டில் நின்ற காலத்தில் படம் விட்டதும் ஆயிரம் பேர் என்னைத் தாண்டிப் போவார்கள். அதில் யாரும் என்னிடம் சொல்லிக்கொண்டு போனதில்லை. நானும் எதிர்பார்த்ததில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

விமான நிலையத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிறேன். பக்கத்தில் ஒரு ஆள் என்னையே பார்க்கிறான்.

காலையில் கோட்டை மாட்டிவிட்டு வந்தவளைப் பிடித்து நிறுத்தினேன். குத்தவைத்து உட்கார முழங்கால் வலித்தது.

"லியோ, தாத்தா இன்னைக்கு ஊருக்குப் போறேன்."

"பழம் சாப்பிட்டதும் வருவியா?"

"இல்லம்மா. இன்னைக்கு அம்மா வருவா."

"நாளைக்குப் பழம் சாப்பிட்டதும்?"

"நாளைக்கும் இல்ல. தாத்தா ஏரோப்ளேன்ல போறேன். ரொம்ப தூரம். எப்ப வருவேன்னு தாத்தாவுக்கே தெரியல. தெரிஞ்சதும் போன்ல உன்கிட்டத்தான் முதல்ல சொல்லுவேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். ஏதாவது விளையாட்டா என்று பார்த்தாள் போலிருக்கிறது. பிறகு வாய் கோணியது. நான் முதன்முதலாகச் சொல்லிவிட்டுப் போன நாளில் அழுத அதே அழுகை. கெர்ரிக்கு எல்லாம் தெரியும், வந்து தரையில் உட்கார்ந்து அவளை மடியில் எடுத்துக்கொண்டாள். நீல முடியை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நெற்றியில் சிலுவை போட்டேன். "போயிட்டு வாரேன்" என்றேன்.

கார் நின்ற இடத்துக்கு வேலி ஓரமாகப் போனால்தான் கிட்டம். நான் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போனேன். திருப்பம் வரைக்கும் அழுகைச் சத்தம் கேட்டது. கார்க்காரர், "மறந்து எதையும் விட்டுட்டீங்களா?" என்று கேட்டார். கம்பளித் தொப்பியை நத்தைக் கொக்கியிலேயே விட்டுவிட்டேன். அவளுக்குத் தெரியும்படிதான் மாட்டி வைத்தேன். எனக்கு இனி அது எதற்கு?

டிசம்பர் 12, வெள்ளி. கோவில்பட்டி.

வீடு பூட்டிய வாசனை அடித்தது. அருளப்பன் கட்டிலை ஜன்னலோரத்திலேயே போட்டிருக்கிறான். பெருக்கினேன். பெட்டியைப் பிரித்தேன். மதியம் வெயில் நன்றாக இருந்தது. பேச ஆளில்லை.

ஜெசிந்தா போன் பண்ணினாள். அன்றைக்கு லியோனா பழம் வருவதற்கு முன்னாலேயே அழுகையை நிறுத்திவிட்டாளாம். அடுத்த நாள் சாயங்காலம் வரைக்கும் இருந்தாளாம். தொப்பியைப் போட்டுக்கொண்டே மத்தியானம் தூங்கினாளாம்.

"ராத்திரி உங்க ரூம் கதவத் தொறந்து பாத்தாப்பா. ஐயோ, தேடுறாளேன்னு நினைச்சேன். பாத்துட்டுச் சாத்திட்டா. 'தாத்தா ஊருக்குப் போயிருக்கு, என்கிட்டச் சொல்லிட்டுத்தான் போச்சு'ன்னு எனக்கு விளக்கம் சொல்றா."

"நீ டியூட்டிக்குப் போகையில?"

"எப்ப வருவன்னு கேட்டா. சொன்னேன். சரின்னுட்டா."

அவள் வைத்த பிறகும் போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தேன்.

நாலு மணிக்குக் கடைப் பக்கம் போகலாம் என்று சட்டையை மாட்டினேன். வாசல்வரை போனவன் திரும்பி உள்ளே வந்தேன். சுவரில் லூர்தம்மாள் இருக்கிறாள். படத்தில் தூசி படிந்திருந்தது, துண்டால் துடைத்தேன்.

"டீ குடிச்சுட்டு வந்திருதேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினேன்.